அழுகைக்குத் தனிக் கட்டணம்

மகன்: பெருக்கிச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புவீர்களாமே அக்கா? நான் தெற்குச் சீனாவில், ஷென்சென்னில் இருக்கிறேன். இடம் வடக்கே ஜியேஷியூ ஊர்ப் பக்கம். அப்பாவுடையது.

அக்கா: சிங்மிங் திருநாள் வருகிறதே தம்பி, ஏப்ரல் 4, 5 இரண்டு நாளும் மூச்சுவிட நேரமில்லை. பரவாயில்லை, சேர்த்துக்கொள்கிறேன். புல் பிடுங்க வேண்டுமா?

மகன்: முன்னால் மண்டிக் கிடக்கும். பிடுங்கிவிடுங்கள்.

அக்கா: கல்லைக் கழுவுவோம். எழுத்து மங்கியிருந்தால் வண்ணம் பூசித் தருவோம்.

மகன்: கதவு நம்பர்தானே? பூசுங்கள்.

அக்கா: அப்புறம் உங்கள் சார்பில் மூன்று தரம் விழுந்து கும்பிடுவோம்.

மகன்: யாரை?

அக்கா: அப்பாவைத்தான்.

மகன்: அதெல்லாம் வேண்டாம். அவர் ரொம்பக் கூச்சப்படுவார்.

அக்கா: அழ வேண்டுமா? அழுகைக்குத் தனிக் கட்டணம். வீடியோவில் நேரடியாகக் காட்டுவோம்.

மகன்: கூட்டிப் பெருக்குவதற்கு எதற்கு அழுகை?

அக்கா: உங்கள் மனசு, உங்கள் இஷ்டம். காகிதத்தில் வீடு, கார் எல்லாம் இருக்கிறது. ஒரு போனாவது எரித்து அனுப்பலாமா?

மகன்: போன் வைத்திருக்கிறார். தினமும் கூப்பிடுகிறார்.

அக்கா: யார்?

மகன்: அப்பா. நேற்றுகூட மூன்று தரம். நான் மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை.

அக்கா: பயமுறுத்தாதீர்கள் தம்பி! இந்தத் தொழிலில் போனவர் யாரும் இதுவரை திருப்பிக் கூப்பிட்டதில்லை.

மகன்: எந்தத் தொழிலில்?

அக்கா: கல்லறை பெருக்குகிற தொழிலில்!

மகன்: ஐயையோ, அப்பா உயிரோடு இருக்கிறார்! நான் வீட்டைப் பெருக்கத்தான் கேட்டேன்.

அக்கா: இரண்டுக்கும் விளக்குமாறு ஒன்றுதான். ஆனால் நீங்கள் ஏன் போகவில்லை? 2008இலிருந்து சிங்மிங்குக்கு அரசாங்கமே லீவு விடுகிறதே.

மகன்: அது செத்தவர்களைப் பார்க்க விடுகிற லீவு அக்கா.

அக்கா: அடடா! ஜியேஷியூக்காரருக்கு ஜியே ஜிதுய் கதை தெரியுமா?

மகன்: ராஜாவுக்குத் தன் தொடைக்கறியில் சூப் வைத்தவர்.

அக்கா: சூப் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த ராஜா 19 வருஷம் நாடு நாடாக அலைந்தபோது கூடவே இருந்தவர். கி.மு. 636இல் ஜின் நாட்டின் வென் கோமகனாக ஆட்சிக்கு வந்ததும் அந்த ராஜா எல்லாருக்கும் பரிசு கொடுத்துவிட்டு இவரை மறந்துவிட்டார். நினைவு வந்து தேடினால், ஆள் மியன்ஷான் மலையில். இறங்கி வரட்டும் என்று காட்டுக்கே தீ வைத்தாராம்! விருந்துக்குக் கூப்பிடுகிற அழகைப் பாருங்கள். ஆள் வெந்த பிறகு துக்கம். யாரும் அடுப்பு மூட்டக் கூடாது, ஆறிய சோறுதான் என்று உத்தரவு. அந்த ஹன்ஷி நோன்புதான் பிற்பாடு சிங்மிங்கோடு கலந்துவிட்டது.

மகன்: அவருக்காக நெருப்பை நிறுத்தினார்கள். நீங்கள் அதே நாளில் செத்தவர்களுக்குக் காகித கார் எரிக்கிறீர்கள்.

அக்கா: வாய்க்குக் குறைச்சல் இல்லை. அந்த மனுஷன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையேறினார் தம்பி. உங்களால் ரயில் ஏற முடியாதா?

மகன்: டிக்கெட் கிடைக்காது அக்கா.

அக்கா: சரி, வீட்டுக்கே ஆள் அனுப்புகிறேன். பெருக்குவார்கள், புல் பிடுங்குவார்கள். அவரோடு உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க வேண்டுமா? அதற்குத் தனிக் கட்டணம்.

மகன்: எவ்வளவு?