சங்கரதாஸ் சுவாமிகள் நடிக்கவே இல்லையா?

சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் எழுதினார், பயிற்றுவித்தார், ஆனால் மேடையேறி நடித்ததே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் பெரும்புகழ் பெறும் முன்பே அவர் நடிகர். இரணியன், இராவணன், எமதருமன், நளதமயந்தியில் சனீசுவரன் என அச்சமூட்டும் வேடங்களில் பெயர் பெற்றவர். அவருடைய வேடத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது, அதனால் நடிப்பை விட்டார் என்பது செவிவழிச் செய்தி. அதை மட்டும் ஆதாரமாக வைக்க வேண்டாம்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. அவரைப் பற்றி நாம் அதிகம் படிப்பது அவருடைய மாணவரும் நாடக நடிகருமான டி.கே. சண்முகம் எழுதியவற்றைத்தான். சண்முகம் பிறந்தது 1912. சுவாமிகளின் நாடகக் குழுவான மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் 1918இல் சேர்ந்தபோது சண்முகம் சிறுவர். அது பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர் நாடகக் குழு; அங்கே வேடம் கட்டுவது பிள்ளைகள். சுவாமிகள் அங்கே வாத்தியார். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போயிற்று. ஆகவே அந்த நினைவுகளில் நடிகர் சுவாமிகளை நேரில் பார்க்க முடியாது.

சரிபார்க்க, சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை', 'நாடகக் கலை' இரண்டையும் எடுங்கள். தாமே கண்டதாகச் சொல்லும் பகுதியையும், சுவாமிகளின் இளமைக்காலத்தைச் சொல்லும் பகுதியையும் பிரித்துப் படியுங்கள். வேடங்களின் பெயர்களை அந்த இளமைக்காலப் பகுதியில் தேடுங்கள். கருவடிக்குப்பத்தில் உள்ள அவர் சமாதியில் மாலை போடும் நம் புதுச்சேரிக்காரர்களாவது, 1922இல் இங்கே மறைந்தவரை நடிகர் என்றும் சொல்ல வேண்டும்.