பிராசசர் 30% காட்டினால் கிராபிக்ஸ் கார்டுதான் குறையா?

"சாங்கியில் தரையிறங்கும்போது ஃபிளைட் சிமுலேட்டர் திக்குகிறதா? டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 30% காட்டினால் அதில் குறையில்லை, கிராபிக்ஸ் கார்டை மாற்றுங்கள்" என்று, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட் சிமுலேட்டரைப் பற்றி ஒரு தகவல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

அந்த 30%, பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்த சராசரி. 8 கோர், 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்) உள்ள பிராசசரில் ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் 6% அளவுக்குத்தான் தெரியும். சிமுலேட்டரோ பெரும்பகுதி வேலையை 'மெயின் திரெட்' என்ற ஒன்றின் தலையில்தான் கட்டுகிறது. அது முடிக்கும்வரை கிராபிக்ஸ் கார்டு காத்திருக்கும். கோர்களைத் தனித்தனியாகப் பார்த்தாலும் ஏமாறலாம். விண்டோஸ் அந்தத் திரெட்டைக் கோர் விட்டுக் கோர் மாற்றுவதால் எதுவுமே 100% தொடாமல் போகலாம்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) காட்டும் பெட்டியைத் திறந்தால் தடை மெயின் திரெட்டா, ஜிபியுவா (கிராபிக்ஸ் கார்டா) என்று அதுவே சொல்லிவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. விசிங்க் (ஃபிரேம் வேகத்தைத் திரையோடு பொருத்துவது), ஃபிரேம் ஜெனரேஷன் (இடையில் செயற்கை ஃபிரேம்களைச் சேர்ப்பது), ஃபிரேம் வரம்பு மூன்றையும் அணைத்துவிட்டு, விமானத்தைச் சாங்கி முனையத்தருகே நிறுத்தி, ரெண்டர் ஸ்கேலிங்கை (படத்தை வரையும் தெளிவளவை) 100-லிருந்து 50-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் தடை. அசையவில்லையென்றால் பிராசசர்தான். அப்போது டெரெய்ன் எல்ஓடியை (நிலக்காட்சியின் விவர அளவை) 200-லிருந்து 100 ஆக்கி, விமானப் போக்குவரத்தையும் குறைத்துப் பாருங்கள், செலவில்லாமலே வித்தியாசம் தெரியும்.

புதிய கார்டு வாங்கச் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளுக்குப் போகுமுன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.