மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து போய்விடுமா?

"மேட்டூரில் மின்சாரம் எடுத்த பிறகு வரும் தண்ணீர் சக்கை, பயிருக்குச் சத்து கிடைக்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நீர்மின் நிலையம் தண்ணீருக்குள் இருந்து எதையும் பிரித்து எடுப்பதில்லை. உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமும் வேகமும் டர்பைன் என்ற சுழலும் சக்கரத்தைச் சுழற்றுகின்றன, அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 0.27 யூனிட். நீரில் கரைந்த உப்புகள் அப்படியே இருக்கும். மேட்டூரைத் தாண்டிய அதே காவிரி நீரில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை கதவணைகளிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். சக்தி மேட்டூரிலேயே தீர்ந்திருந்தால் அங்கே டர்பைன் எப்படிச் சுற்றும்? கோவை மாவட்டத்தின் காடம்பாறை நீர்மின் நிலையத்தில் இன்னும் வேடிக்கை: கீழே விட்ட நீரையே மேலே ஏற்றி மறுபடி மின்சாரம் எடுக்கிறார்கள்.

அணையில் நீர் எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பது நியாயமான விவாதம். அது வேறு விஷயம்.

சந்தேகம் இருந்தால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைக் கொடுத்துப் பாருங்கள். உப்பின் அளவு, கார அமில நிலை எல்லாம் சொல்வார்கள். பள்ளி அறிவியல் பாடத்திலும் நீர்மின்சாரம் பற்றி இருக்கிறது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.