சிஸ்பிளாட்டினை சலைனில் கலப்பது ஏன்

பிளாட்டினம் உள்ள புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் நேராகப் போய் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் என்கிறது ஒரு கட்டுரை. நடுவில் ஒரு படி விடுபட்டுவிட்டது, முக்கியமான படி. ரத்தத்தில் குளோரைடு சுமார் 100 மில்லிமோலார் இருப்பதால், பிளாட்டினத்தோடு இருக்கும் இரண்டு குளோரைடுகளும் பெரும்பாலும் கழலாது. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு; அங்கேதான் ஒன்று கழன்று, தண்ணீர் மூலக்கூறு அந்த இடத்தைப் பிடிக்கிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினின் 7ஆம் நைட்ரஜனைப் பற்றுவது இந்த வடிவம்தான். அடுத்தடுத்து இரண்டு குவானின் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிணைத்து, டிஎன்ஏவையே வளைத்துவிடும். வழியில் செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற மூலக்கூறின் கந்தகம் பிடித்துக்கொண்டால் மருந்து வீண்.

மருந்து கலக்கும் மேசையிலும் இதே வேதியியல்தான். குளோரைடே இல்லாத 5% டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசல்) கலந்தால் மருந்து பையிலேயே சிதையத் தொடங்கும். அதனால்தான் 0.9% சலைன் (உப்புக் கரைசல்), அதில் குளோரைடு 154 மில்லிமோலார். ஃப்ரிட்ஜில் வைத்தால் படிகமாகப் படியும். ஊசியில் அலுமினியப் பாகம் இருந்தால் கறுப்பாக வீழ்படிவாகி வீரியம் போய்விடும், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொரு பிளாட்டினம் மருந்தான ஆக்சாலிபிளாட்டினுக்குக் கலக்கும் கரைசல் நேர்மாறு: குளோரைடு பட்டால் அதன் ஆக்சலேட் கழன்றுவிடும், ஆகவே 5% டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது.