தொடைக்குப் பின்னால் நிற்கும் அந்த மரக்கட்டை

கிரேக்கச் சிலையின் படத்தை யார் பகிர்ந்தாலும் கீழே இப்படி ஒரு கருத்து வந்து விழும்: "அவன் மனுஷ உடம்பைப் பார்த்து அப்படியே செதுக்கினான். எகிப்துக்காரனும் நம்ம ஸ்தபதியும் அளவுக் கணக்கைப் பார்த்துச் செதுக்கினார்கள்." பாராட்டாகவும் சொல்வார்கள், நம்மைக் குத்திக்காட்டவும் சொல்வார்கள். இரண்டு விதத்திலும் இது தவறு. கிரேக்கனும் கணக்குப் போட்டவன்தான். அதைவிட முக்கியம், நாம் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் சிலை பல நேரம் கிரேக்கன் கையால் செய்ததே இல்லை.

கிரேக்கச் சிற்பி பாலிக்ளீட்டஸின் 'ஈட்டி ஏந்தியவன்' சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்திருக்கும் படம் இத்தாலியின் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது. பொம்பெயியில் கிடைத்தது, 2.12 மீட்டர் உயரம், பளிங்கு. வலது காலுக்குப் பின்னால், அதே கல்லில் செதுக்கிய ஒரு மரக்கட்டை நிற்கும். மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சிறு கல் பாலம் இருக்கும். இரண்டும் மூலச் சிலையைச் சேர்ந்தவை அல்ல. பாலிக்ளீட்டஸ் கி.மு. 440 வாக்கில் அதை வெண்கலத்தில் வார்த்தார். அது இன்று இல்லை. நாம் பார்ப்பது ரோமானியர் காலத்துப் பளிங்குப் பிரதி.

கட்டை ஏன் வந்தது? பளிங்கு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இந்தச் சிலையின் இடது கால் பின்னால் மடங்கி, பாதி தூக்கிய நிலையில் இருக்கிறது. ஆக, உடம்பின் எடை முழுக்க ஒற்றைக் கணுக்காலில் இறங்குகிறது. கல்லில் அது முறியும். உள்ளே கூடாக வார்த்த வெண்கலத்துக்கு அந்தக் கவலை கிடையாது. பாதத்துக்கு அடியில் ஈயத்தை ஊற்றிப் பீடத்தோடு இறுக்கிவிட்டால் போதும், கையைக் காலை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம். அப்படிக் காற்றில் கைவீசி நின்ற உடம்புக்குத்தான் ரோமானியன் முட்டுக் கொடுத்தான். முட்டையும் சேர்த்தே "கிரேக்க அழகு" என்கிறோம்.

அசல் எப்படி இருந்தது என்பதற்கு இத்தாலியில் ரியாச்சே கரைக்கு அருகே, சுமார் 8 மீட்டர் ஆழத்தில், 1972 ஆகஸ்டில் கிடைத்த இரண்டு வெண்கல வீரர்களே சாட்சி. இப்போது ரெஜ்ஜியோ கலாப்ரியா அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். முதல் வீரனின் ('ஏ' என்று குறிக்கப்படும் சிலை) வாயைப் பெரிதாக்கிய படமாகத் தேடிப் பாருங்கள். உதடு தனியாகச் செம்பில் செய்து பொருத்தியது, அதனால் சிவந்த நிறம். லேசாகத் திறந்த உதட்டுக்கு நடுவே வெள்ளித் தகட்டில் பற்கள். முலைக்காம்புகளும் செம்பு. கண்ணின் வெள்ளை தனிக் கல்லில் பதித்தது. பளபளக்கும் வெண்கலத் தோல் வெயிலில் காய்ந்த உடம்பின் நிறத்தில் இருந்திருக்கும். வெள்ளைப் பளிங்கின் குருட்டுப் பார்வைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

செய்முறை நமக்கு அந்நியமானது அல்ல, மெழுகு வார்ப்புதான். சுவாமிமலையில் முழு உருவத்தையும் மெழுகில் செய்து, வண்டல் மண் பூசி, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, உள்ளே கனமாக உலோகத்தை நிரப்புகிறார்கள். ஆளுயரச் சிலைக்குக் கிரேக்கர்கள் அந்தக் கன வார்ப்பை எடுக்கவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஆளுயர உடம்பு 80 லிட்டருக்கு மேல் கொள்ளும். வெண்கலம் லிட்டருக்கு ஏறக்குறைய 8.7 கிலோ. கனமாக வார்த்தால் 700 கிலோவைத் தாண்டும். எடைகூடப் பரவாயில்லை. தடித்த இடமும் மெலிந்த இடமும் வெவ்வேறு வேகத்தில் ஆறிச் சுருங்கி விரிசல் விடும், அதுதான் பெரிய தொல்லை.

அதனால் முதலில் களிமண்ணில் மாதிரி. அதன்மேல் துண்டு துண்டாக அச்சு எடுப்பார்கள். தலை, கை, கால், உடல் எல்லாம் தனித்தனி. அச்சின் உட்புறம் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு பூசி, நடுவே மண்ணை நிரப்புவார்கள். இந்த உள்மண் அசையாமல் இருக்க மெழுகைத் துளைத்து உலோக ஆணிகள் அடிப்பார்கள். உலோகம் இறங்க வழியும் காற்று வெளியேற வழியும் மெழுகுக் குச்சிகளால் வைத்து, வெளிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, செம்பும் வெள்ளீயமும் ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒன்றாகச் சேர்ந்த கலவையை 1,000 டிகிரிக்கு மேல் காய்ச்சி ஊற்றுவார்கள். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவி அச்சையே பிளந்துவிடும். ஆணி நழுவினால் உள்மண் ஒருபக்கம் சாய்ந்து அங்கே உலோகமே இறங்காது. காற்று சிக்கினால் தோலில் குழி. அந்தக் குழியைச் சதுரமாக வெட்டி, அளவான ஒட்டுத் துண்டை அடித்துச் செருகித் தேய்ப்பார்கள். பழைய வெண்கலச் சிலைகளில் உற்றுப் பார்த்தால் இந்தச் சதுரங்கள் தெரியும்.

பட்டறையையே வரைந்து வைத்திருக்கிறான் ஒரு குவளை ஓவியன். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கிண்ணம், பெர்லினில் இருக்கிறது. ஒருபக்கம் உலை. பக்கத்தில் தலை பொருத்தாத சிலை ஒன்று கைகளை நீட்டிக் கிடக்கிறது, அதன் தலை தரையில். ஒருவன் சுத்தியலோடு கையை இணைத்துக்கொண்டிருக்கிறான். சுவரில் சுத்தியல், ரம்பத்தோடு பாதங்களும் தொங்குகின்றன. உடம்பு அவர்களுக்குப் பாகம் பாகமாகச் சேர்க்கும் வேலை என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை.

இனி அளவுக் கணக்கு. எகிப்தியர்கள் நிற்கும் உருவத்தை உள்ளங்காலிலிருந்து தலைமுடி ஓரம் வரை 18 கட்டங்களில் வரைந்தார்கள். 26ஆம் அரச மரபுக் காலத்தில் (கி.மு. 7-6ஆம் நூற்றாண்டு) மேல் இமை வரை 21 கட்டத்துக்குச் சற்று மேல் என்று மாற்றினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கி.மு. 590 வாக்கில் செதுக்கிய கிரேக்க இளைஞன் சிலை இருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் அது இந்தப் பிந்தைய எகிப்திய அளவுக்கு நெருங்கி வருவதைக் காட்டியிருக்கிறார்கள். இடது கால் முன்னே, முஷ்டி மூடியது, அதுவும் எகிப்து பாணி. கிரேக்கன் மாற்றியது வேறு: முதுகுத் தூணை எடுத்தான், கால் இடைக்கல்லை எடுத்தான், துணியையும் எடுத்தான். அளவை விடவில்லை.

பாலிக்ளீட்டஸ் இன்னும் ஒருபடி மேலே போய் 'அளவுகோல்' என்று நூலே எழுதினார். நூல் அழிந்துவிட்டது. விரலுக்கு விரல், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், அதற்கும் முன்கைக்கும், அதற்கும் மேற்கைக்கும் உள்ள விகிதமே அழகு என்று அவர் கருதியதை மருத்துவர் கேலன் எழுதி வைத்திருக்கிறார். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாலம் (முக நீளத்தை அலகாக வைத்த பத்து மடங்கு உயர வகை), 124 அங்குலம் (இன்ச் அல்ல, சிலையின் உயரத்துக்கேற்ப மாறும் பங்கு) என்று நம் சிற்ப நூல்கள் சொல்வதும் இதே வகைச் சிந்தனைதான். இரண்டு மரபுகளும் விகிதத்தில் தொடங்கி, எதைக் காட்டுவது என்பதில் பிரிகின்றன. சோழ வெண்கலத்தில் தசைக் கோடே இருக்காது. மூச்சை இழுத்து நிறுத்திய மார்பு மட்டும் விம்மி நிற்கும். தசை தெரியாமல் விட்டதல்ல அது, தெரிந்தே தவிர்த்தது.

கிரேக்கத் தசையோ தெரிந்தே கூட்டியது. ரியாச்சே வீரனின் இடுப்பைப் பாருங்கள். விலாவுக்குக் கீழே ஒரு தசை வரப்பு இடுப்பெலும்பின் மேல் கயிறு மாதிரி திரண்டு வளைந்து போகும். உயிருள்ள உடம்பில் அது இத்தனை திரட்சியோடு இருக்காது. மேலுடம்பையும் கால்களையும் கண்ணுக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்ட அது தேவைப்பட்டது, வைத்தார்கள். முதுகின் நடுப்பள்ளமும் அப்படியே ஆழப்படுத்தியது. "அப்படியே செதுக்கினான்" என்று இதையா சொல்கிறோம்?

பளிங்கும் வெறும் வெள்ளையாக இருந்ததில்லை. ஏதென்ஸைச் சூழ்ந்த அத்திகா பகுதியில் மண்ணுக்குள் கிடந்து 1972இல் வெளிவந்த ஃபிராசிக்ளியா என்ற பெண்ணின் சிலையில் சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பளிங்குச் சிலைகளில் உங்களுக்கு மிகப் பிடித்தவை எவை என்று சிற்பி பிரக்சிட்டலீஸைக் கேட்டார்களாம். ஓவியன் நிக்கியாஸ் கைவைத்தவை என்றார் அவர். இதை எழுதி வைத்தவர் ரோமானியரான பிளினி.