குரல் இரவல் என்றால் நடிப்பும் இரவலா?

1960களின் இத்தாலியப் பேய்ப்படங்களால் பெயர்பெற்ற பிரிட்டிஷ் நடிகை பார்பரா ஸ்டீல் பற்றி நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் பதிவைப் பற்றித்தான். அவர் வெறும் முகமாம், குரல்கூடச் சொந்தமில்லையாம், ஆகவே நடிகையே இல்லையாம். மனம் ஆறவில்லை.

குரல் அவருடையது இல்லை, உண்மை. அதை எடுத்துக்கொண்டது யார்? அன்றைய இத்தாலியத் தயாரிப்பு முறை. 1960களில் ரோமில் படப்பிடிப்பின்போது பதிவான ஒலி பெரும்பாலும் வழிகாட்டிக்கு மட்டும். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரே நிற்பவர் இத்தாலிய மொழியில் பதில் சொல்வார். பிறகு படச்சுருளைச் சிறு துண்டுகளாக்கி, வளையமாக ஒட்டி, டப்பிங் கூடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டி, உதட்டசைவுக்கு வசனத்தைப் பொருத்துவார்கள். அதற்குள் நடிகர் அடுத்த படத்துக்குப் போயிருப்பார். இத்தாலிய இயக்குநர் ஃபெலினி சிலரை எண்களைச் சொல்ல வைத்துவிட்டு, வசனத்தை டப்பிங்கில் மாற்றி எழுதியவர். புகழ்பெற்ற நடிகை கிளாடியா கார்டினாலேவின் சொந்தக் குரலே இத்தாலியப் படத்தில் முதலில் ஒலித்தது 1963இல், ஃபெலினியின் 'எட்டரை'யில்தான். ஸ்டீலும் நடித்த படம் அது. அப்படியானால் கார்டினாலேவும் அதுவரை நடிகை இல்லையா?

இயக்குநர் மரியோ பாவாவின் 1960 பேய்ப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவில் 'பிளாக் சண்டே' என்று வந்தது. ஸ்டீல் பிறந்தது இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில். ஆங்கிலம் தாய்மொழி. ஆனாலும் அந்த ஆங்கிலப் பதிப்பில்கூட வேறொருவர் குரல்தான். சரி, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சூனியக்காரி ஆசா கல்லறையில் கிடக்கிறாள். முகமெல்லாம் ஆணித் துளை. கை அசையாது, தலை திரும்பாது. மிச்சம் இருப்பது கண்ணும் மூச்சும் மட்டும். மார்பு ஏறி இறங்கும் வேகத்தை வைத்தே பசி, ஆத்திரம், அழைப்பு மூன்றையும் காட்டுகிறார். அதே ஸ்டீல் இரட்டை வேடத்தில் காட்யா என்ற இளம்பெண்ணாக இரண்டு நாய்களோடு இடிபாட்டில் வந்து நிற்கும்போது தோளிலேயே வேறு பெண். எந்த டப்பிங் கலைஞர் வந்து செய்துகொடுத்தது இது?

"பாவாவின் ஒளியமைப்புதான் எல்லாம்" என்பீர்கள். பாவா மேதை, மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரெடா, மார்கெரிட்டி, மாஸ்ட்ரோசின்க்வே ஆகியோர் இயக்கிய, ஸ்டீல் நடித்த படங்களுக்கு பாவாவா ஒளியமைத்தார்? "பாதி மட்டமான படங்கள்" என்பீர்கள். இருக்கட்டும், அவசரத்தில் எடுத்தவை அவை. மைக்கேல் ரீவ்ஸின் 'ஷீ பீஸ்ட்' படத்துக்கு ஸ்டீலிடம் வாங்கியது ஒரே நாள் கால்ஷீட். அந்த அவசரத்திலும் நின்றது அவர் முகம் என்றால் அது அவர் உழைப்பு. "பேய்ப்பட முத்திரை அவருக்கே பிடிக்காது" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், பிடிக்காது. அதைத்தானே நீங்கள் மறுபடி குத்துகிறீர்கள்?

எனக்கு அதிகம் வலித்தது குரல் விஷயம்கூட இல்லை. ஸ்டீல் நடித்த மற்ற படங்கள்: 1966இல் இயக்குநர் ஷ்லோண்டார்ஃபின் 'யங் டர்லெஸ்', 1974இல் இயக்குநர் ஜொனதன் டெம்மியின் முதல் படத்தில் சக்கர நாற்காலிச் சிறை அதிகாரி, 1975இல் இயக்குநர் குரோனென்பர்கின் 'ஷிவர்ஸ்', எதுவுமே அந்தப் பதிவில் இல்லை. பிறகு அமெரிக்க இயக்குநர் டான் கர்ட்டிஸோடு தயாரிப்புக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் பற்றிய 'வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு அவர் தயாரிப்பாளர். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலேயே போய்ப் படமாக்கிய தொடர். அதற்காக 1989இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது அவர் கைக்கு வந்தது. முகத்துக்குக் கொடுத்த விருதா அது? இருபது வயதுகளில் எடுத்த புகைப்படம் ஒன்றைப் போட்டு, ஐம்பதைத் தாண்டியபின் வாங்கிய விருதை விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டார்கள்.

பதிவை நீக்கச் சொல்லவில்லை. அந்த 1989ஐ அதில் சேருங்கள்.