எங்கள் பிள்ளைகளின் கட்டுரைகளில் திருகோணமலையைக் காணோம்

தமிழ்மொழித் தினப் போட்டிக் காலத்தில் கட்டுரை திருத்த என்னையும் கூப்பிடுவார்கள். சந்தோசமாகத்தான் போவேன். ஆனால் தாள்களை வாசித்து முடிக்கும்போது மனம் பாரமாகிவிடுகிறது. 'கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள்' என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாத் தாளிலும் ஒரே முன்னுரை, ஒரே குறள், ஒரே முடிவுரை. ரியூஷனில் பாடமாக்கியது அப்படியே இறங்கியிருக்கும். எழுதிய பிள்ளை மூதூரா, தம்பலகாமமா, கொழும்பா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி எழுதினால்தான் புள்ளி என்று பழக்கி வைத்திருப்பது பெரியவர்கள் நாங்கள்தான்.

இலக்கியமோ வரலாறோ சமூகமோ, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் கட்டுரைக்குள் அதற்குப் பதில் இருக்க வேண்டும். முதல் புள்ளி அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருகோணமலைக் கோணேசர் கோயில் பற்றிய கட்டுரைகளைப் பாருங்கள். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் கதை, குளக்கோட்டன் என்ற மன்னனின் திருப்பணி, சம்பந்தர் பதிகம், 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது, எல்லாம் ஒரே பந்தியில் ஒரே குரலில் வரும். முதலாவது ஐதிகம். இரண்டாவது கோணேசர் கல்வெட்டு போன்ற பழைய நூல்கள் சொல்லும் மரபு. மூன்றாவது ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு, இன்றும் நம் கையில் இருக்கிறது. நான்காவது ஆவணங்களில் உள்ள சம்பவம். இவற்றைப் பிரித்துக் காட்டினால் கோயிலின் பெருமை ஒரு துளியும் குறையாது.

பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்துதானே கோயிலுக்குப் போகிறோம்? அந்த வாசல் கல்லில் மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன்" என்று நாம் முழுதாகச் சொல்லும் பாட்டில், கல்லில் மிஞ்சியிருப்பது துண்டு துண்டான எழுத்துகள்தான். மிச்சம் மரபாக வந்தது. ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணுக்குத் தெரிவதைத் தாளின் ஒரு பக்கத்திலும் நாம் நிரப்பி வாசிப்பதை மறுபக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். வரலாறு எழுதுவது எப்படி என்று அந்த ஒரு தாளிலேயே விளங்கிவிடும்.

இலக்கியத்துக்கும் இதே கதிதான். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கி 1895இல் வந்தது. எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கள் ஊரவர். தமிழ் நாவல் பற்றி எங்கள் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளில் அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டுரை மட்டும் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி எழுதியது. 2009இல் பாலம் திறக்கும் முன் 'பாதை' என்னும் மிதவையில் ஏறித்தானே எல்லோரும் தண்ணீரைக் கடந்தார்கள். அவளுடைய உம்மம்மா பிள்ளைவலியோடு இராத்திரி கரையில் காத்திருக்கிறார். பாதை அக்கரையில் நிற்கிறது. இக்கரையில் நின்றவர்கள் டோர்ச் அடித்துக் கூப்பிடுகிறார்கள். "உம்மம்மா அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம், தண்ணீரைப் பார்க்கவில்லையாம்" என்று எழுதியிருந்தாள். கேட்டு எழுதியவளுக்குத்தான் இப்படி ஒரு வரி கிடைக்கும். முன்னுரை இல்லை, மேற்கோள் இல்லை என்று அந்தத் தாளுக்குப் புள்ளி குறைத்தார்கள். நான் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு கட்டமைப்பு வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. அது பரீட்சை மண்டபத்தோடு நிற்கட்டும். போனில் கேட்டால் ஒரு நிமிடத்தில் பொதுவான கட்டுரை வந்து விழும் காலம் இது. உம்மம்மாவின் இராத்திரி அதில் வராது.

அப்புறம், எழுதிய தாள்கள் என்ன ஆகின்றன? பழைய கடதாசியோடு போய்க் கச்சான் சரையாகின்றன. நல்லதைத் தெரிந்து பாடசாலைச் சஞ்சிகையில் போடலாம், ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையத்தளத்துக்கும் அனுப்பலாம்.

தரம் 9, 10க்குத் தமிழோ வரலாறோ கற்பிக்கிற சேர்மார், ரீச்சர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். இந்தத் தவணையில் ஒரு தலைப்பையாவது மாற்றிக் கொடுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயது. முதலில் அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். சுனாமியையும் இடப்பெயர்வையும் பற்றிக் கேட்க அம்மா, அப்பாவே போதும்.